அஷ்டமியில் பார்த்த வீடு

உக்காருங்க தம்பி. காலி சீட்டுதான். ஒண்ணு இல்ல, ரெண்டுமே காலிதான். பைய அந்தச் சீட்டுல வைங்க, கால நல்லா நீட்டிக்கிடுங்க. செங்கோட்டை வரைக்கும் ஒருத்தரும் வந்து எழுப்பமாட்டாங்க. டி.டி.ஆர். வந்தா நான் சொல்லிக்கிடுதேன். மூணு டிக்கெட்டும் நான் போட்டதுதான். எனக்கு ஒண்ணு, எங்க அக்காவுக்கு ஒண்ணு, என் மகளுக்கு ஒண்ணு. மகளுக்கு ஒன்பது மாசம், தலைப் பிரசவம். கூட்டிட்டு வரத்தான் நானும் அக்காவும் போனோம். இப்ப நான் மட்டும் திரும்பிப் போறேன்.

மக வரல, சரி. கூட்டிட்டு வரப் போன அக்காவும் வரல பாருங்க. அதச் சொல்லுங்க.

என்ன, பேண்டெல்லாம் சேறா இருக்கு? எங்க போயிட்டு வாரீங்க? கைதத்துருத்துக்கா? சுத்திப் பாக்கவா? அட கடவுளே. நானும் அங்கருந்துதான் வாரேன். என் மகளக் குடுத்திருக்கது அந்தத் துருத்துலதான், காயலுக்கு நடுவுல கெடக்க அந்தக் குட்டித் தீவுலதான்.

காட்டுங்க போட்டோவ. ம். நல்லாத்தான் இருக்கு. தென்னமரம் தண்ணியப் பாத்துச் சாஞ்சு நிக்கு. தெரு இருக்க வேண்டிய இடத்துல தண்ணி, அதுல கம்பு ஊனிப் போற சின்ன வள்ளம். சத்தமே இல்லைன்னு சொல்லுதீங்க. ஆமா, சத்தம் கிடையாது. பஸ்ஸு கிடையாது, லாரி கிடையாது, அடுத்த வீட்டுல தேங்கா துருவுதது இங்க கேக்கும். எல்லாம் சரிதான். இன்னைக்கு என்ன திதி தெரியுமா? தெரியாது. உங்க வயசுல யாருக்கும் தெரியாது. இன்னைக்குப் பஞ்சமி. அதனால தண்ணி, தண்ணி இருக்க வேண்டிய இடத்துல இருந்துச்சு. நீங்க பௌர்ணமிக்குப் போய் இதே போட்டோவ எடுத்திருக்கணும். அப்பத் தெரியும்.

என்னைய ஏமாத்திட்டாங்க தம்பி. அத எப்படிச் சொல்லுதது? என்னையப் போய் ஏமாத்திட்டாங்க.

என் பேரு ஆறுமுகநயினார். தென்காசி. முப்பத்திரண்டு வருஷம் கவர்மென்ட்ல ஓவர்சியர். சுவரத் தட்டிப் பாத்தே உள்ள இருக்கது வெந்த செங்கலா வேகாததான்னு சொல்லிருவேன். காண்ட்ராக்டருங்க நான் வாரேன்னு கேட்டாலே கலவைய மறுபடியும் கலப்பாங்க. ஒரு கட்டடத்தக் காட்டி நயினார ஏமாத்த ஆள் பொறந்து வரணும்னு ஆபீஸ்ல சொல்லுவாங்க. ஆள் பொறந்துதான் இருக்கு. எங்க வீட்டுலயே பொறந்திருக்கு.

இருங்க, வரிசையாச் சொல்லுதேன்.

நான் கட்டின வீடு ஒண்ணு இருக்கு. நாலடி பேஸ்மட்டம். ஒரு வருஷம் பேய் மழை, தெருவே முழங்கால் தண்ணில கெடந்துச்சு, எங்க வாசல்ல மூணாவது படி நனையல. உள்ள ஒரு சொட்டு வராது. சுவத்துல ஒரு வெடிப்பு காட்டிருங்க, நான் பேர மாத்திக்கிடுதேன். சம்சாரம் இருந்த வரைக்கும் வீட்ட அவ பாத்துக்கிட்டா. அவ போய்ப் பத்து வருஷம். அதுக்குப் பொறவு மக பாத்துக்கிட்டா. உலகம்மாள்னு எங்க ஊரு அம்மன் பேரத்தான் வச்சிருக்கோம். உலகுன்னு கூப்பிடுவோம். காலையில எந்திச்சதும் தரைய ரெண்டு தடவை துடைப்பா, ஈரத்துணி ஒரு தடவை, காஞ்ச துணி ஒரு தடவை. ஈரக்காலோட யாரும் உள்ள வரக் கூடாது. அது நம்ம வீட்டுச் சட்டம். அவ சிநேகிதிங்க வந்தா வராந்தாவுலயே நின்னு பேசிட்டுப் போயிருவாங்க. பிள்ளைகளக் கூட்டிட்டு வந்தா நான் முதல்லயே சொல்லிருவேன், சுவத்துல கை வைக்கக் கூடாதுன்னு. பொறவு அவங்க வாரதையே விட்டுட்டாங்க. நல்லதுதான். வீடு வீடா இருந்துச்சு.

அவளுக்கு மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சேன். பதினோரு வீடு பாத்தேன். எல்லாரும் மாப்பிள்ளையப் பாப்பாங்க. மாப்பிள்ளைய என்ன பாக்கது? மனுஷன் இன்னைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி. வீடு பொய் சொல்லாது. நான் போற இடத்துக்கெல்லாம் ரசமட்டம் கொண்டு போவேன். ரசமட்டம் தெரியும்லா? கட்டைக்குள்ள கண்ணாடிக் குழாய், அதுக்குள்ள ஒரு காத்துக் குமிழி. தரையில வச்சா, குமிழி நடுவுல நிக்கணும். நிக்கலன்னா தரை சாஞ்சிருக்குன்னு அர்த்தம். கடையநல்லூர்ல ஒரு வீடு, மாடிப்படி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு உயரம். அம்பாசமுத்திரத்துல ஒரு வீடு, பாத்ரூம் தண்ணி ஹாலப் பாத்து ஓடுது. புளியங்குடியில ஒண்ணு, எல்லாம் நல்லா இருந்துச்சு, மேல ஏறிப் பாத்தா மொட்டமாடியில பாசி. எப்படிக் குடுக்க முடியும்? நான் பெத்த பிள்ளைய ஒழுகுத வீட்டுல தள்ளவா?

எங்க அக்கா செண்பகவல்லி, என்னைய விட ஆறு வயசு மூப்பு, அவ திட்டுவா. "ஏல நயினாரு, நீ மாப்பிள்ளை பாக்கியா, வீடு வாங்கப் போறியா? பிள்ளைக்கு முப்பத்தொண்ணு ஆகுது. உனக்குச் சோறு பொங்கிப் போட ஆள் வேணும்னு அவள வச்சுக்கிட்டு இருக்கன்னு ஊரு சொல்லுது"ன்னா. ஊரு சொல்லும். ஊருக்கென்ன. ஆனா அக்கா வாயால அதக் கேட்டது எனக்குச் சுருக்குன்னு ஆயிட்டு. சரி, அடுத்து வாரது நல்லா இருந்தா முடிச்சிருவோம்னு நெனச்சேன்.

அப்பதான் தரகர் இந்தத் துருத்தக் கொண்டு வந்தாரு. அவங்க தாத்தா காலத்துல செங்கோட்டையில இருந்து கயித்து வேலைக்குப் போய் அங்கயே தங்கிட்டாங்க. நம்ம ஆளுங்கதான். வீட்டுக்குள்ள தமிழு, வெளியில மலையாளம். அப்பா இல்ல. அம்மா சரசம்மை. பையன் பேரு ஷாஜி. ஷாஜின்னு ஒரு பேரு, நம்ம ஆளுங்கள்ள! கொல்லத்துல படகு என்ஜின் ரிப்பேர் பட்டறை வச்சிருக்கான். ஜாதகம் குடுத்துவிட்டோம், பொருந்திருச்சு. பொருந்தும்படிதான் குடுத்தோம். உலகுக்கு ஏழுல செவ்வாய். அத ஆறுல தள்ளி, வயசுல ரெண்டக் குறைச்சு ஜோசியர எழுதச் சொன்னேன். அது வேற விஷயம். பிள்ளை நல்லா இருக்கணும்னு அப்பன் செய்தது. அத ஏமாத்துன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

பொண்ணு பாக்க வந்தாங்க. ரெண்டு பேரும் பின்னால கிணத்தடியில பத்து நிமிஷம் பேசினாங்க. பொறவு போன்லயும் பேசிக்கிட்டாங்க. நான்தான் பேசச் சொன்னேன். நான் ஒண்ணும் பழைய பஞ்சாங்கம் கிடையாது. அடுத்து நாங்க போய் மாப்பிள்ளை வீட்டப் பாக்கணும். அந்தம்மா போன்ல, "அண்ணாச்சி, வர்ற வியாழக்கிழமை வாங்க"ன்னாங்க. காலண்டரப் பாத்தா அஷ்டமி.

நீங்களே சொல்லுங்க தம்பி. அஷ்டமியில யாராவது நல்ல காரியத்துக்கு வாசல விட்டு இறங்குவாங்களா? நான் பக்குவமா, "மதினி, அடுத்த வியாழன் பௌர்ணமி. நெறைஞ்ச நாளு. அன்னைக்கு வாறோம்"னேன். அவங்க, "இல்ல அண்ணாச்சி, இந்த வியாழக்கிழமைதான் சௌகரியம்"னு மெதுவாச் சொன்னாங்க. அக்கா என்னடான்னா, "கேரளாவுல இருக்கவங்க, அவங்க வழக்கம் வேறயா இருக்கும், விடு"ங்கா. உலகு தரை துடைச்சுக்கிட்டே, தலையக் கூட நிமித்தாம, "அவங்க சொன்ன நாள்ல போயிட்டு வாங்கப்பா. நாள் என்ன செய்யும்?"னா.

ஜன்னல்ல கைய வைக்காதீங்க, குகை வருது. ஆங். இந்தப் பாதையில அஞ்சாறு குகை வரும். கண்ணக் கட்டின மாதிரி இருட்டி, திரும்ப வெளிச்சம் வரும்.

போனோம். வீடு எப்படி இருந்துச்சு தெரியுமா? சின்ன வீடுதான், ஓட்டு வீடு. முன்னால காயல், பின்னால தென்னை. எனக்குன்னே வெள்ளையடிச்ச மாதிரி இருந்துச்சு. அதுவும் தரையில இருந்து முழங்கால் உயரம் வரைக்கும் புதுச் சுண்ணாம்பு, பளிச்சுன்னு. சரி, அழுக்குப் படுத இடத்த மட்டும் அடிச்சிருக்காங்க, சிக்கனமான குடும்பம்னு நெனச்சேன். கட்டில் நாலு காலும் ரெண்டு ரெண்டு செங்கலுக்கு மேல நிக்கு. அடியில கூட்டிப் பெருக்க வசதிக்குன்னு நெனச்சேன். ஃப்ரிட்ஜ் சிமெண்டுத் திட்டுல நிக்கு. பிளக் பாயிண்ட் எல்லாம் நெஞ்சு உயரத்துல. அடடா, நாளைக்குப் பேரப்பிள்ளை கைய விட்டுராதுன்னு எம்புட்டு முன்யோசனை! அக்காகிட்டச் சொல்லிப் பூரிச்சுப் போனேன். நான் சொன்னேன் தம்பி. என் வாயாலயே சொன்னேன்.

ரசமட்டத்த வச்சுப் பாத்தேன். குமிழி ஒரு நூல் விலகி நின்னுச்சு. ஒரு நூல்தானேன்னு விட்டேன். "மழைக்கு ஒழுகுமா மதினி?"ன்னேன். "ஒரு சொட்டு ஒழுகாது அண்ணாச்சி"ன்னாங்க. அது உண்மைதான். மேல இருந்து ஒண்ணும் வராது. அந்தப் பையன் மட்டும் ரெண்டு தடவை வந்து, "மாமா, ஒரு காரியம் சொல்லணும்"னு பக்கத்துல நின்னான். நான் சுவத்துல காத வச்சுத் தட்டிக்கிட்டு இருந்தேன். அந்த நேரத்துல பேச்சு குடுத்தா சத்தம் பிடிபடாது. பொறவு பேசலாம்னு கையக் காட்டினேன். பொறவு அவன் வரல. சொல்ல மனசிருந்தா மூணாவது தடவை வந்திருக்கணும்லா?

ஆவணியில கல்யாணம், தென்காசியிலயே நடத்தினோம். தைக்குத் தலைப்பொங்கல். பொண்ணப் பெத்தவன் பொங்கப்படி, அதான் பொங்கச் சீர், கொண்டு போகணும். வெண்கலப் பானை, பச்சரிசி, கரும்பு, மஞ்சக்கொலை, பனங்கிழங்கு எல்லாம் கட்டிக்கிட்டுக் கிளம்பினேன். பொங்கலுக்கு முந்தின நாள் பௌர்ணமி. இந்தத் தடவை யாரு சொல்லையும் கேக்கல, நானே நாள் பாத்தேன். சொல்லாமப் போய் நிப்போம், பிள்ளை சந்தோஷப்படும்னு போனேன்.

வள்ளக்காரன் படகுத்துறையில நிறுத்தல. நேரா வீட்டு முத்தத்துக்கே விட்டான். என்னடா மரியாதைன்னு நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன், முத்தத்தத் தாண்டி வாசப்படிக்கே போய் முட்டுது வள்ளம். முத்தத்தக் காணோம். எல்லாம் தண்ணி. வீட்டுக்குள்ள பாக்கேன், ஹால்ல தண்ணி. நான் சுவரத் தட்டிப் பாத்த ஹால்ல. கரண்டைக்கு மேல நிக்கு. கட்டில் செங்கல் மேல நிக்கு. ஃப்ரிட்ஜ் திட்டு மேல நிக்கு. எல்லாம் அதது எடத்துல நிக்கு. நான் மட்டும் முட்டாளா நிக்கேன்.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏறுமாம். கடல் ஏறினாக் காயல் ஏறும், காயல் ஏறினா வீட்டுக்குள்ள வரும். ரெண்டு மூணு நாள், வரும், போகும். வேலியேற்றம்னு அதுக்கு ஒரு பேரு வேற வச்சிருக்காங்க, விருந்தாளி மாதிரி. துருத்து வருஷா வருஷம் தாந்துக்கிட்டே போகுதாம். அஷ்டமிக்குத்தான் தண்ணி ரொம்ப ஒடுங்கிக் கெடக்கும். அன்னைக்கு வந்து பாத்தா ராஜா வீடு. இப்பப் புரியுதா? எங்க ஊர்ல ஒரு மனுஷனும் அஷ்டமியில வீடு பாக்கப் போக மாட்டான். அங்க, வீட்டக் காட்டணும்னா அஷ்டமிதான் நாளு.

உலகு என்ன செய்துக்கிட்டு இருந்தா தெரியுமா? சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு, தண்ணிக்குள்ள நின்னு தோசை சுடுதா. அடுப்பு மேடையில இருக்கு, அவ தண்ணியில நிக்கா. காலுக்கிட்ட ஏதோ குறுகுறுன்னு போயிருக்கு. குனிஞ்சு ஒரு கிண்ணியில அள்ளி, "அப்பா! மீனுப்பா! நம்ம அடுப்பங்கரையில மீனு!"ன்னு சிரிக்கா. சத்தம் போட்டுச் சிரிக்கா. எங்க வீட்டுல இருந்த வரைக்கும் அவ அப்படிச் சிரிச்சு நான் கேட்டது கிடையாது. பிள்ளைக்கு மூளை பிசகிட்டோன்னு நெனச்சுட்டேன்.

அந்தப் பையன் ஓடியாந்து ஒரு நாற்காலியப் போட்டு, என்னைய உக்கார வச்சு, கால ஒரு ஸ்டூல் மேல தூக்கி வச்சு, துண்டால என் காலத் துடைச்சுவிட்டான். துடைச்சுவிட்டா ஆச்சா? நான் போட்ட சத்தத்துல அக்கம்பக்கமெல்லாம் வள்ளத்துல வந்து நின்னுட்டு. "அஷ்டமின்னு சொல்லி ஏமாத்திட்டீங்களே! நீங்க மனுஷங்களா?"ன்னேன். அந்தம்மா தண்ணியப் பாத்துக்கிட்டே நின்னாங்க. பையன் என்னமோ சொல்ல வாயத் தொறந்தான். உலகு அவன் கையப் பிடிச்சா. அவ்வளவுதான், அவன் வாய மூடிட்டான். பாத்தீங்களா, குத்தமுள்ள நெஞ்சுன்னு நெனச்சுக்கிட்டேன். பொங்கப்படிய அந்தக் கட்டில் மேல எறக்கி வச்சுட்டு, பச்சத்தண்ணி குடிக்காம வந்துட்டேன். அதுக்குப் பொறவு பேச்சு கிடையாது. பிள்ளை உண்டாயிருக்கான்னு சேதி கூட அக்கா சொல்லித்தான் தெரியும். வளைகாப்புக்கும் அக்காதான் போனா.

இந்தாங்க, இந்தப் பொட்டலத்தப் பிரிங்க. புளிச்சோறும் துவையலும். அந்தம்மா மூணு பேருக்குன்னு காலையிலயே கட்டி வச்சிருந்தாங்க. உலகு கடைசியில மனசு மாறிக் கெளம்பிருவாளோன்னு அவங்களும் நெனச்சிருக்காங்க போல. எனக்கு வேண்டாம், எறங்காது. நீங்க சாப்பிடுங்க.

ஒன்பதாம் மாசம். தலைப் பிரசவம் தாய்வீட்டுலதான் நடக்கணும். கோபம் வேற, முறை வேற. அவளுக்கு ரூம ஒதுங்க வச்சு, ஜன்னலுக்குக் கொசுவலை அடிச்சு, தரையக் கழுவிக் காய வச்சுட்டு, இன்னைக்குப் புதன்கிழமை, நல்ல நேரம் பாத்து நானும் அக்காவும் போனோம். இன்னைக்கு வீடு காஞ்சுதான் கெடந்துச்சு. உலகு கட்டில்ல உக்காந்திருந்தா. வயிறு பெருசா இருக்கு. முகம் அவ அம்மா முகம் மாதிரியே ஆயிட்டு.

"கெளம்பு உலகு"ன்னேன்.

"நான் வரலப்பா"ன்னா.

"தண்ணிக்குள்ள பிள்ளை பெறப் போறியா?"

"பிரசவம் கொல்லத்துல ஆஸ்பத்திரியிலப்பா. தண்ணி ஏறுத நாளுக்கு முன்னாலயே பட்டறைக்குப் பக்கத்துல ஒரு ரூம் பிடிச்சிருக்கு. அத்தையும் வாராங்க. நீங்க பயப்படாதீங்க."

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். "நாள மாத்திச் சொல்லி நம்மள ஏமாத்தினவங்க. அவங்கள நம்பி இருக்கேன்னு சொல்லுத, பெத்த அப்பன் கூட வரமாட்டேன்னு சொல்லுத"ன்னேன்.

அவ, "அவங்க ஒண்ணும் ஏமாத்தலப்பா. அஷ்டமிக்குக் கூப்பிடச் சொன்னது நான்"னா.

கையில இருந்த பையத் தரையில எறக்கி வச்சேன்.

அவ சொல்லுதா. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே, கிணத்தடியில வச்சு அந்தப் பையன் எல்லாத்தையும் சொல்லிட்டானாம். வீட்டுக்குள்ள மாசம் ரெண்டு தடவை தண்ணி வரும், தோது இருந்தாப் பட்டறைப் பக்கம் ஒரு வீடு பாத்துப் போகணும், இதெல்லாம் சம்மதம்னா மேல பேசலாம்னு. "அப்பாகிட்டயும் சொல்லிருதேன்னுதான் அவர் சொன்னாரு. நான்தான் வேண்டாம்னேன். அப்படியும் அன்னைக்கு உங்ககிட்ட ரெண்டு தடவை வந்திருக்காரு. நீங்க கேக்கல. அத்தைக்கும் மனசே இல்ல, நான் அழுதேன்னு சம்மதிச்சாங்க. நீங்க மாத்தி எழுதின ஜாதகத்தையும் நான் அவங்ககிட்டச் சொல்லிட்டேன். இன்னைக்கு வரைக்கும் உங்ககிட்ட அத ஒரு வார்த்தை கேட்டிருக்காங்களா?"

எனக்குக் கை சும்மா இருக்கல தம்பி. என்ன செய்யன்னு தெரியல. பைக்குள்ள ரசமட்டம் இருந்துச்சு, எடுத்துத் தரையில வச்சேன். குமிழி ஒரேயடியா ஓரத்துல போய் ஒட்டிக்கிட்டு. ஒரு வருஷத்துல அம்புட்டுச் சாஞ்சிருக்கு வீடு. "இங்க பாரு உலகு. இங்க வந்து பாரு"ங்கேன்.

"அப்பா, அத எடுத்து உள்ள வைங்க. என்னையப் பாருங்க"ன்னா.

பாத்தேன். பாக்காம என்ன.

"பதினோரு வீடு பாத்தீங்க. ஒரு வீட்டுலயாவது அந்த மாப்பிள்ளைகிட்ட உக்காந்து பேசினீங்களா? என்கிட்டயாவது கேட்டீங்களா? நம்ம வீட்டுல ஒரு சொட்டுத் தண்ணி வராது. சரி. அம்மா போன பொறவு ஒரு மனுஷர் வந்தாங்களா? ஒன்பது வருஷம் நான் தரையத் துடைச்சேன்ப்பா. யாரு நடந்தான்னு துடைச்சேன்?" அழல அவ. அழுதிருந்தா எனக்குக் கொஞ்சம் தாங்கியிருக்கும்.

நான் அக்காவப் பாத்தேன். அவ வந்ததுல இருந்து அங்க உக்காந்து சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்கா. "அக்கா, கேட்டியா இவ பேசுதத? கெளம்பு, நாம போவோம்"னேன். அவ நிமிந்து பாத்து, "ஏல நயினாரு, நீ போயிட்டு வா. பிள்ளைக்குப் பேறுகாலம் முடியட்டும், நான் வாரேன்"னுட்டு அடுத்த வெங்காயத்த எடுத்தா. அறுபத்தெட்டு வருஷமா எனக்கு அக்கா. வெங்காயம் உரிக்கா.

இதுல எது பெருசா வலிக்குன்னு கேட்டீங்கன்னா, அவ ஒரு பொய் கூடச் சொல்லல தம்பி. யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், ஒரு பொய் சொல்லல. ஒரு நாளக் குறிச்சுக் குடுத்தா, அவ்வளவுதான். அப்பா வந்தா என்னத்தப் பாப்பாரு, என்னத்தப் பாக்க மாட்டாருன்னு அவளுக்கு அத்துபடி. முப்பத்திரண்டு வருஷ ஓவர்சியர ஒரு திதிய வச்சு அளந்துட்டா. ஊரான் ஏமாத்தினா ரெண்டு திட்டுத் திட்டிட்டுப் போயிரலாம். இத எங்க போய்ச் சொல்ல? அதான் உங்ககிட்டச் சொல்லுதேன். நீங்க செங்கோட்டையில எறங்கிப் போயிருவீங்க.

அந்தப் பையன்தான் வள்ளத்துல கொண்டு வந்து விட்டான். எறங்கும்போது கையக் குடுத்தான். பிடிச்சுக்கிட்டேன், வேற வழியில்ல, வழுக்குச்சு. கை முரட்டுக் கையா இருந்துச்சு, பட்டறைக் கை. ஸ்டேஷன்ல ரயில் வார வரைக்கும் கூடவே நின்னான். தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்தான். ரயில் நகரும்போது, "மாமா, உலகு ஒரு காரியம் சொல்லச் சொன்னா"ன்னான். இந்தத் தடவை கேட்டேன், கதவுப் பக்கம்தானே நிக்கேன். பிள்ளை பிறந்ததும் நான் வரணுமாம். வேலியேற்றம் பாத்து வரணுமாம். வந்து ஒரு பத்து நாள் அவங்க கூடவே இருக்கணுமாம். கால் நனையாம உக்காரக் கட்டில் இருக்காம்.

என்ன சிரிக்கீங்க? போகத்தானே செய்யணும்ங்கீங்க. சொல்லுதது லேசு. பேரப்பிள்ளையப் பாக்கணும்னு எனக்கு மட்டும் இருக்காதா? இருக்கு தம்பி. அந்த வயித்தப் பாத்துட்டு வந்ததுல இருந்து வேற நெனப்பே ஓடல. போகலாம். இன்னும் நாலு வாரம் இருக்கு. போய் இருக்கலாம்தான்.

ஆனா பத்து நாள்னு சொல்லுதா. பத்து நாள் வீட்டப் பூட்டிப் போட்டா தரையெல்லாம் தூசி படிஞ்சிருமே. வீட்ட யாரு பாத்துக்கிடுவா, சொல்லுங்க?